தேன் வேண்டாம், சரி. சீனி, வெல்லம், கருப்பட்டி?

விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாத வீகனாக மாறி மூன்று வருடம் ஆகிறது. பாலை விட்டதுகூடப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை, தேங்காய்ப்பாலும் வேர்க்கடலைப்பாலும் கைகொடுத்தன. இனிப்பில்தான் ஆளாளுக்கு ஒரு பயம் காட்டுகிறார்கள். சீனியில் மாட்டெலும்பு இருக்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் வரும், அடுத்த நாளே தேன் இயற்கையானது, அதைச் சாப்பிட்டால் என்ன தப்பு என்று சித்தப்பா கேட்பார், கருப்பட்டிக்குப் போய்விடு, ஒரு பிரச்சினையும் இல்லை என்று அலுவலகத்தில் ஒரு தோழி சொல்வாள். போன மாதம் அம்மா ஊரிலிருந்து வந்து சமையலறையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, காபிக்கு எதைத்தான் போடணும், எல்லாத்துக்கும் ஒரு குத்தம் சொல்லுத" என்று கேட்டபோதுதான், இதை ஒருமுறை உட்கார்ந்து ஒழுங்காகப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது எது உடம்புக்கு நல்லது என்ற கட்டுரை இல்லை. சீனி, வெல்லம், கருப்பட்டி எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டி ஒன்றும் சலுகை கொடுக்காது. நான் பார்ப்பது ஒரே கேள்வி: இதைச் செய்யும் வழியில் எங்காவது ஒரு பிராணியின் உடம்போ உழைப்போ உள்ளே வருகிறதா? இந்தியாவில் இதற்குச் சட்டப்படியே ஓர் அளவுகோல் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வீகன் உணவு விதிமுறைகள் பொருளில் என்ன இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை, தயாரிக்கும்போது சுத்தம் செய்யவோ வடிகட்டவோ பயன்படுத்தும் துணைப்பொருள்கூட விலங்கிலிருந்து வந்திருக்கக் கூடாது என்கின்றன. அந்த விதிக்குள் வரும் பொருளுக்குத்தான் இலையோடு கூடிய பச்சை 'வி' முத்திரை. நாம் பழகிய பச்சைப் புள்ளி வேறு. அது சைவம் என்று மட்டும் சொல்லும், அந்தச் சைவத்துக்குள் பாலும் தேனும் தாராளமாக வரும். இந்தக் குழப்பத்தில் நானே ஏமாந்திருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

தேனை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதில் இழுபறியே இல்லை. தேன் வீகன் கிடையாது. தேனீ பூவின் மதுவை உறிஞ்சி, தன் தேன்பையில் வைத்துக் கூட்டுக்குக் கொண்டுவந்து, வாய்க்கு வாய் மாற்றி, சிறகால் விசிறி நீரை வற்றவைத்து, பூ இல்லாத காலத்துக்கென்று சேர்த்துவைக்கும் சாப்பாடு அது. ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பார்கள். அதை நாம் எடுத்துக்கொண்டு, பூ இல்லாத மாதங்களில் பெட்டிக்குள் சீனிப்பாகு வைக்கிறோம். மலைத்தேன் என்றால் புகை போட்டு ஈயை விரட்டிவிட்டு அடையை அறுப்பது. மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்திருப்பவர்கள் தேனீயைப் பிள்ளை மாதிரிதான் பார்க்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் நோய் வந்து கூட்டம் கூட்டமாகத் தேனீ செத்தபோது அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு உண்மையானது. ஆனாலும் கேள்வி அன்பா இல்லையா என்பது இல்லை, அது யாருடைய சாப்பாடு என்பதுதான். மாட்டை அன்பாக வளர்க்கிறார்கள் என்பதற்காக நான் பால் குடிப்பதில்லையே. சரி, இதில் ஒரு வேடிக்கை. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் கிடைக்கும் 13 பிராண்டுத் தேன்களை வாங்கிச் சோதித்தது. 22 மாதிரிகளில் எல்லாச் சோதனையிலும் தேறியவை வெறும் 5. மற்றவற்றில் சர்க்கரைப் பாகு கலப்பு. கலப்படம் செய்தவன்தான் பாவம், தெரியாமலே வீகன் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வந்திருக்கிறான்.

நம் ஊரில் தேன் விஷயத்தில் சிக்கல் பாட்டிலில் இல்லை, பிரசாதத்திலும் மருந்திலும் இருக்கிறது. தினைமாவு தேன் பிசைந்துதான் வரும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் தேனும் உண்டு, நெய்யும் உண்டு. சித்த மருந்துப் பொடியை 'தேனில் குழைத்துச் சாப்பிடவும்' என்று எழுதிக்கொடுப்பார்கள். வெந்நீரிலோ பனங்கற்கண்டிலோ எடுக்கலாமா என்று வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஒருமுறை மாற்றித் தந்தார். பிரசாதம் அவரவர் மனசு. நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

இனி வெள்ளைச் சீனி. இதுதான் அதிகம் வதந்தி பரவும் இடம். எலும்புக் கதை பொய் இல்லை, ஆனால் அது அமெரிக்கக் கதை. அங்கே கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும் சில ஆலைகள் பழுப்பு நிறத்தை நீக்க எலும்புக் கரி வழியாகப் பாகை வடிகட்டுகின்றன. மாட்டெலும்பைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கிற கரி அது. எலும்பு சர்க்கரையில் கலந்துவிடுவதில்லை, ஆனால் நம் ஆணையத்தின் அளவுகோல்படி பார்த்தாலும் அந்தச் சர்க்கரை வீகன் ஆகாது. அங்கே விற்கும் பிரவுன் சுகர் பலதும் அதே வெள்ளைச் சர்க்கரையில், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த கழிவுப்பாகைத் திரும்பக் கலந்ததுதான், ஆகவே நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணிக்கு நான் சொன்ன வழி இரண்டு: பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரை என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம், அதைச் சுத்திகரிக்க எலும்புக் கரி தேவையே இல்லை, அங்கே உற்பத்தியாகும் சர்க்கரையில் பாதிக்கு மேல் அதுதான். கரும்புச் சர்க்கரைதான் வேண்டும் என்றால் ஆர்கானிக் முத்திரை உள்ளது, அந்த விதியில் எலும்புக் கரிக்கு இடமில்லை.

தமிழ்நாட்டு மளிகைக் கடைச் சீனி வேறு வழியில் வருகிறது. நம் ஆலைகளில் பெரும்பாலானவை சாற்றைச் சூடாக்கி, சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் செலுத்தி, அழுக்கைக் கீழே படியவைத்து, தெளிந்த சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்குகின்றன. எலும்புக்கு அங்கே வேலையே இல்லை. கந்தகம் பிடிக்காதவர்கள் 'சல்பர் இல்லாத சீனி' என்று வாங்குகிறார்கள், அது வேறு முறையில் சுத்திகரித்தது, விலை கூடுதல். வீகனா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் சாதாரணச் சீனியே போதும். எனக்கு உறுத்துவது வேறொன்று. அரவைக் காலத்தில் ஆலை வாசலில் டன் கணக்கில் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மேட்டில் ஏறும்போது மாட்டின் கண் பிதுங்கும். கடையில் நான் அள்ளும் கிலோச் சீனி டிராக்டரில் வந்ததா, வண்டியில் வந்ததா என்று கண்டுபிடிக்க வழி கிடையாது. வயலுக்குப் போட்டது சாணமா, எலும்புத் தூளா என்பதும் அப்படியே. இந்த வழியில் போனால் அரிசியும் சாப்பிட முடியாது. வீகன் என்ற சொல்லை 1944இல் இங்கிலாந்தில் உருவாக்கியவர்கள் வழிவந்த வரையறையிலேயே 'இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை' என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள், நான் இந்த இடத்தில் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறேன்.

ஆனால் சீனி வீகன் என்பதால் சீனிப்பாகு வீகன் ஆகிவிடாது. இது எனக்கு உறைத்தது மாமா மகள் கல்யாணத்தில். முந்தின நாள் சாயங்காலம் பந்தலுக்குப் பின்னால் பாதுஷாவுக்குப் பாகு காய்ந்துகொண்டிருந்தது. பாதுஷாவைக் கடலை எண்ணெயில், தயிர் சேர்க்காமல், எனக்கென்று தனியாகப் பத்து போட்டுத் தருகிறேன் என்று சமையல் அண்ணாச்சி சொல்லியிருந்தார், நானும் குளிர்ந்துபோய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாகு கொதித்து மேலே வரும் நேரம் பார்த்து ஒரு டம்ளரை எடுத்து அரைக் கை பாலை விளிம்போரம் சுற்றி ஊற்றினார். ஊற்றிய கணத்தில் பால் திரிந்து, சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு ஓரத்துக்கு ஒதுங்கியது, அதைக் கண்கரண்டியால் வழித்து எறிந்துவிட்டார். பாகு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணாச்சி, பால் ஊத்திட்டீங்களே?"

"அழுக்கு எடுக்கத்தான் தாயி. பாலுதான் மேல வந்துட்டுல்லா, வழிச்சிட்டேன்."

எலும்புக் கரி செய்யும் அதே வேலை. ஆயிரம் மைல் தாண்டி எங்கோ நடப்பதைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன், இங்கே என் கண் முன்னால் ஒரு டம்ளரில் நடந்தது. குலாப் ஜாமுனோ ஜிலேபியோ பாதுஷாவோ, பாகில் போடும் பண்டம் எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி 'நெய்யா எண்ணெயா' மட்டும் இல்லை, 'பாகுக்குப் பால் விட்டீர்களா' என்பதும்தான். வீட்டில் செய்தால் இது தேவையே இல்லை. இப்போது வரும் சீனியில் அவ்வளவு அழுக்கு கிடையாது, வருகிற நுரையைக் கரண்டியால் எடுத்தாலே போதும், கெட்டியாகாமல் இருக்கக் கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு.

வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் வருவோம். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சும்போது அழுக்கை மேலே கொண்டுவர ஏதாவது போட்டாக வேண்டும். பழைய முறையில் வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி அந்த வழவழப்பான சாற்றை ஊற்றுவார்கள், கூடவே கொஞ்சம் சுண்ணாம்பு. பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கெண்ணெயோ வேறு எண்ணெயோ சில சொட்டு. எல்லாம் செடிகொடிச் சமாச்சாரம். பளபளவென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தில் போடுவது ஹைட்ரோஸ் என்கிற வெளுக்கும் ரசாயனம். அதுவும் விலங்குப் பொருள் இல்லை. வீகனா என்றால் ஆமாம், வாங்குவேனா என்றால் மாட்டேன், கறுத்த மண்டை வெல்லம்தான் வாங்குகிறேன். நாட்டுச் சர்க்கரைக்கு ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி பேர்போனது, பழனிக் கோயிலுக்கே அங்கிருந்துதான் கொள்முதல் செய்கிறார்கள். அதில் வெள்ளைச் சீனி கலப்பவர்கள் உண்டு, பணத்துக்கு நஷ்டம், வீகனுக்கு நஷ்டமில்லை. பாயசத்துக்கும் அதிரசத்துக்கும் வெல்லத்தை மிஞ்ச எதுவும் இல்லை. தேங்காய்ப்பாலில் கொதிக்கக் கொதிக்கப் போட்டாலும் பசும்பால் மாதிரித் திரிந்து மானத்தை வாங்காது.

அப்புறம் மாத்திரைகள், சீனிக்குப் பதிலாகக் காபியில் போடுகிற குட்டிக் குட்டி மாத்திரை. நான் ஏமாந்தேன் என்று சொன்னது இதில்தான். சாக்கரின், அஸ்பார்டேம், சுக்ரலோஸ் எதுவும் விலங்கிலிருந்து வருவதில்லை, ஆய்வகத்தில் செய்வது. எனவே கண்ணை மூடிக்கொண்டு ஒரு டப்பா வாங்கி ஆறு மாதம் போட்டேன். ஒரு நாள் மின்சாரம் போய், வேறு வேலையில்லாமல், டப்பாவின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்ததை செல்போன் டார்ச்சில் வாசித்தால் முதல் பொருளே லாக்டோஸ். அதாவது பால் சர்க்கரை. இனிப்பூட்டும் பொருள் ஒரு மாத்திரையில் சில மில்லிகிராம்தான் தேவை, அதை வெறுமனே உருட்டி மாத்திரையாக்க முடியாது, இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டும், அதற்குத்தான் லாக்டோஸ். பச்சைப் புள்ளி ஜம்மென்று இருந்தது, அதில் பொய்யும் இல்லை, பால் சைவம்தானே! எல்லா மாத்திரையிலும் இது இருக்காது, சிலதில் வேறு நிரப்பிகள் இருக்கும். சிறு பொட்டலப் பொடிகளில் டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ பார்க்கலாம், அவை மாவுச்சத்திலிருந்து வருபவை, பாதகமில்லை. லாக்டோஸ், லாக்டிடால், டாகடோஸ் இந்த மூன்று பெயரில் எது கண்ணில் பட்டாலும் வைத்துவிடுங்கள், மூன்றுக்கும் பூர்வீகம் பெரும்பாலும் பால்தான். ஒரு காலத்தில் இவற்றையெல்லாம் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள் என்பதற்காகவே தொடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கில் என் அப்பாவின் பிரஷர் மாத்திரையும் வரும் என்பதால் நான் அவ்வளவு தூரம் போவதில்லை.

சீனித்துளசி என்கிற ஸ்டீவியா இலையை வீட்டில் வளர்த்துக் காயவைத்துப் போட்டால் சுத்த வீகன். ஒரு அதிமதுரக் கசப்பு கடைசியில் நிற்கும், எனக்கு ஒத்துவரவில்லை. கடைப் பொடி என்றால் கூட என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்த விழுது எந்தக் கேள்வியும் கேட்காத பொருள், ஆனால் காபியில் கரையாது, லட்டுக்கும் கேக்குக்கும் சரி. டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு மேப்பிள் பாகு மலிவாகக் கிடைக்கும். மர நீரைக் காய்ச்சும்போது நுரை அடங்க முன்பு வெண்ணெயோ பன்றிக் கொழுப்போ ஒரு துளி விடும் வழக்கம் இருந்தது, இப்போது பெரும்பாலும் தாவர எண்ணெய்தான், சின்னப் பண்ணையில் நேரடியாக வாங்கினால் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். இலங்கையிலிருந்து யாராவது கித்துல் பாணி கொண்டுவந்தால் விடவே விடாதீர்கள், அதுவும் பனை இனத்து மரத்தின் பாளை நீரைக் காய்ச்சியதுதான், தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டால் தேன் நினைவே வராது.

கடைசியாகக் கருப்பட்டி. இது நான் பிறந்த மண்ணின் பொருள் என்பதால் கொஞ்சம் பாரபட்சத்தோடுதான் எழுதுகிறேன். உடன்குடிக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் தோட்டத்துப் பனைகளை ஒருவர் குத்தகைக்கு எடுத்து ஏறுவார். பங்குனி தொடங்கி நாலைந்து மாதம்தான் பதநீர். பாளையைத் தினமும் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். சுண்ணாம்பு இல்லையென்றால் விடிவதற்குள் அது கள். இறக்கி வந்ததும் பன்னாடையில் வடிகட்டினால் அதில் நாலு எறும்பு, ஒரு வண்டு, சில நாள் இரண்டு தேனீயும் மிதக்கும். அகலப் பாத்திரத்தில் ஓலையை எரித்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் தூவினால் சடக்கென்று அடங்கும், எனக்குச் சின்ன வயசில் அது மந்திரம் மாதிரி. பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். எட்டுப் பத்து லிட்டர் பதநீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. இவ்வளவு உழைப்பும் உயிருக்கு ஆபத்தும் உள்ள பொருள் அடிமாட்டு விலையில் கிடைத்தால் அது பெரும்பாலும் சீனியைக் காய்ச்சி ஊற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாடு வேண்டாம், எலும்பு வேண்டாம், பால் வேண்டாம், ஒரு மனுஷரும் ஒரு மரமும். வீகன் இனிப்பு என்று ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். இப்போது என் அடுக்களையில் கணக்கு இப்படிப் போகிறது: காபிக்குக் கருப்பட்டி, பாயசத்துக்கும் அதிரசத்துக்கும் கறுத்த வெல்லம், கேக்குக்கும் பாகுக்கும் எலுமிச்சம்பழ ஜூஸுக்கும் சாதாரணச் சீனி, மாத்திரை டப்பா குப்பைக்கு. எல்லாவற்றுக்கும் கருப்பட்டியே போடலாமே என்று கேட்டால், விலை கட்டாது, தவிர எலுமிச்சம்பழ ஜூஸ் கஷாயம் மாதிரி ஆகிவிடும். புதிதாக வீகன் ஆகிறவர்கள் சீனிக்குப் பயந்து முதல் வாரமே எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. தேனை மட்டும் நிறுத்திவிட்டு, கடைப் பண்டத்தில் பாகையும் நெய்யையும் விசாரித்தாலே முக்கால்வாசி முடிந்துவிடும்.

ஆனால் பாருங்கள், அந்தச் சுண்ணாம்பு. நம் கடலோரத்தில் பழைய காலச் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சூளையில் வைத்துச் சுட்டது. கிளிஞ்சல் என்றால் சிப்பி ஓடு, உள்ளே இருந்த உயிரின் வீடு. பெரும்பாலும் செத்துக் கரையில் ஒதுங்கிய, மண்ணில் புதைந்த ஓடுகள்தான், யாரும் சுண்ணாம்புக்கென்று உயிரோடு பிடித்துக் கொல்வதில்லை, இருந்தாலும் விலங்கிலிருந்து வந்த துணைப்பொருள் என்று பிடிவாதமாகச் சொன்னால் சொல்லலாம். கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பும் கடையில் உண்டு. அம்மா ஊருக்குத் திரும்பியதும், கருப்பட்டிக்காரரிடம் எந்தச் சுண்ணாம்பு தடவுகிறார் என்று கேட்டுச் சொல்லும்படி போன் போட்டேன். மறுநாள் பதில் வந்தது.

"கேட்டேன்டி. நாங்க வெத்தலைக்குப் போடுத அதே சுண்ணாம்புதானாம், கிளிஞ்சலு."

நான் ஒன்றும் சொல்லாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ இனி வீட்டு விசேஷத்துல வெத்தலையும் போட மாட்டியாட்டி?"

போன வாரம் வந்த கூரியரில் மூன்று கிலோ அனுப்பியிருக்கிறாள். ஒரு சிரட்டைக் கருப்பட்டியை உடைத்தாகிவிட்டது.